அரைக்கட்டை

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணி. பார்மா ஓபரா அரங்கின் உச்சி மாடத்தில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறோம். கீழே மேடையில் எர்சிலியா பொன்ஃபாந்தி பதினாறு வயதுக் கன்னி வேடத்தில் மண்டியிட்டிருக்கிறாள். தூக்கிவிட இரண்டு தோழிகள் பக்கத்திலேயே நிற்கிறார்கள். இந்தப் பாட்டு எடுபட்டால் அடுத்த பருவத்து ஒப்பந்தமும் அவளுக்குத்தான். வயலின்கள் தொடங்குகின்றன. என் மைத்துனன் கெரார்தோ சுருதி பார்க்கும் இரும்புக் கவையை முழங்காலில் தட்டிக் காதருகே பிடிக்கிறான். அவன் உதடு கோணுகிறது.

"சுருதிய அரைக்கட்டை எறக்கிட்டா மாப்ளே. மேல எட்டாதுன்னு பயம்."

"எனக்குக் கவை எதுக்கு? மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே."

அவள் பாடுகிறாள். கழுத்து நரம்பு புடைக்கிறது, கண்ணாடி முத்துகள் மினுங்குகின்றன, நெற்றியில் பூசிய ஒப்பனை மாவு வியர்வையில் கோடாக வழிகிறது. கடைசி ஸ்வரத்தை மலையேறிவிட்டவள்போல் கைகளை விரித்துப் பிடிக்கிறாள். கீழ்வரிசைச் சீமாட்டிகள் கைதட்டுவதற்காகக் கையுறைகளைக் கழற்றத் தொடங்குகிறார்கள். அதற்குள் அவள் நெஞ்சில் கைவைத்துத் தரைவரை குனிந்துவிட்டாள். முதல் கைதட்டல் இன்னும் எழவில்லை. கெரார்தோ எழுந்து கைப்பிடிச் சுவருக்கு மேல் சாய்கிறான்.

"சிஞோரா, இன்னும் அரைக்கட்டை பாக்கி இருக்கே, அத யாரு பாடுறது?"