நாலடி மண்

"தலைவியம்மா, அந்த நாற்காலியில உக்காந்து தூங்குறீங்களா, இல்ல தூங்குற மாதிரி நடிக்கிறீங்களா?"

கூட்டத்தின் நடுவே எழுந்து நின்ற கண்ணாடிக்காரர் இப்படிக் கேட்டதும் மண்டபமே கொல்லென்று சிரித்தது. மேடையில் நகராட்சித் தலைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

பக்கத்தில் இருந்த பொறியாளருக்கு, ஐயோ பாவம் என்றிருந்தது. சுற்றுச்சூழல் வாரியத்திலிருந்து வந்திருந்த வெளியூர்க்காரர் அவர். ஒரு பொம்பளையை இப்படிப் பேசுகிறான், பல்லைக் காட்டுகிறார்களே, என்ன ஜனங்களோ!

ஊரில் மூடிக் கிடக்கும் பேட்டரித் தொழிற்சாலை மண்ணில் ஈயம் ஊறியிருந்தது. அதை ஒட்டினாற்போல் பள்ளிக்கூட மைதானம். ஓரடி மண்ணை அள்ளினால் போதும் என்றது வாரியம். நாலடி அள்ள வேண்டும் என்று தலைவி மூன்று கடிதம் போட்டும் பருப்பு வேகவில்லை.

"நகராட்சி கேட்டா எடுபடாதும்மா. கூட்டத்துல ஜனங்க எதிர்த்துப் பேசினா, அங்கேயே அளவை மாத்த எனக்கு அதிகாரம் இருக்கு" என்று போன வாரம் பொறியாளர்தான் அவளிடம் சொல்லியிருந்தார். ஜனங்கள் பேசத்தான் செய்கிறார்கள். வாங்கிக் கட்டிக்கொள்வது என்னவோ அவள்!

"ஐயா, கொஞ்சம் மரியாதையா பேசுங்க" என்றார் பொறியாளர்.

"என்ன சார் மரியாதை? மழை பேஞ்சா அடியில இருக்கிற விஷம் மேல வராதா? இந்தம்மாவோட பொண்ணும் அந்த மைதானத்துலதானே விழுந்து எந்திரிக்குது? பெத்த வயிறு பதறலையா?"

தலைவியின் கண்கள் நிறைந்துவிட்டன. பொறியாளருக்குத் தாங்கவில்லை. சொந்தத் தங்கையை நடுத்தெருவில் நிறுத்தித் திட்டுவதுபோல் இருந்தது.

"போதும், நிறுத்துங்கய்யா! நாலடியே அள்ளுறோம். எழுதிக்கோப்பா" என்று உதவியாளரிடம் சொல்லி, அங்கேயே கையெழுத்தும் போட்டார். கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது.

கூட்டம் கலைந்ததும், அவளுக்கு ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லலாமென்று பொறியாளர் அவசரமாக வெளியே வந்தார். வாசலில் கண்ணாடிக்காரர் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தார். அவர் தோளைப் பிடித்தபடி பின்னால் ஏறி உட்கார்ந்தாள் தலைவி.

"ஏங்க, அவ்வளவு யோசிச்சு எழுதிக் கொடுத்தேன், கடைசி ரெண்டு கேள்விய விட்டுட்டீங்களே!"

"உன் கண்ணு கலங்கிடுச்சேம்மா. அதுக்கு மேல திட்ட எனக்கு மனசு வரல" என்றார் அவள் கணவர்.