கண்ணைக் கட்டி ஒரு பாடம்

"பூட்டியே கிடக்கு பாருங்க!"

அறிவியல் அறைப் பூட்டைப் பிடித்து ஆட்டினார் பெற்றோர் சங்கத் தலைவர். உள்ளே இருக்கும் நாலு மைக்ராஸ்கோப்பும் அவர் நாயாய் அலைந்து பள்ளிக்கு வாங்கித் தந்தவை. அவர் மகளுக்கு நாலாம் வகுப்பு.

"ஆறு மாசமா என் பொண்ணு கையெல்லாம் மண்ணோட வீட்டுக்கு வர்றா. சயின்ஸ்ல என்ன படிச்சேன்னு கேட்டா, கூழாங்கல்லுங்கறா!"

"கல்லும் சயின்ஸ்தான் சார். வகுப்பு மரத்தடியில நடக்குது, வந்து பாருங்களேன்" என்றார் டீச்சர்.

மரத்தடியில் பிள்ளைகள் கைக்குட்டையால் கண்ணைக் கட்டிக்கொண்டு இலைகளைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

"இதோட ஓரம் ரம்பம் மாதிரி இருக்கு!"

"நரம்பெல்லாம் பின்பக்கம்தான் புடைச்சிருக்கு டீச்சர்!"

"கசக்கினா எலுமிச்சை வாசனை!"

தலைவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"கண்ணாமூச்சி ஆட்டமா இது? அதுலயும் கடைசியில உக்காந்திருக்கே ஒரு பொண்ணு, அது கண்ணைக் கட்டவே இல்லை. ஏமாத்தறதுகூடவா தெரியலை உங்களுக்கு?"

"மெதுவா சார்." டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "அவளுக்குக் கட்டத் தேவையில்லை. பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது."

தலைவர் அந்தப் பெண்ணை இன்னொரு முறை திரும்பிப் பார்த்தார். ஆனாலும் விடவில்லை.

"பாவம்தான். அதுக்காக, ஒருத்திக்காக, மத்த முப்பது பேரும் மைக்ராஸ்கோப் பார்க்கக் கூடாதா?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன். முதல் வாரமே வெங்காயத் தோலை உரிச்சு உங்க மைக்ராஸ்கோப்ல வெச்சேன். ஒவ்வொருத்தரா குனிஞ்சு பார்த்துட்டுக் குதிச்சாங்க. இவளும் வரிசையில நின்னா. முறை வந்ததும் குழாயைத் தடவிப் பார்த்தா. பேசாம போய் உக்காந்துட்டா."

"ம்..."

"உடனே ஒரு பொண்ணு எழுந்திருச்சு, 'இதை மூடி வைங்க டீச்சர், அவளுக்கும் புரியற மாதிரி சொல்லிக்கொடுங்க'ன்னா. எவ்வளவோ சமாதானம் சொன்னேன். அவ இல்லாத பாடம் எங்களுக்கு வேண்டாம்னு ஒத்தைக் கால்ல நின்னா. மொத்த வகுப்பும் அவ பக்கம் சேர்ந்துக்கிச்சு. அன்னிக்குப் பூட்டினதுதான். இந்த வருஷம் நான் திறக்கறதா இல்லை சார். யார்கிட்ட வேணும்னாலும் புகார் குடுங்க."

தலைவருக்கு முகம் சிவந்தது.

"நண்டு மாதிரி ஒரு பிள்ளை சொல்லுச்சுன்னு ஆய்வகத்தையே பூட்டுவீங்களா? அதோட அப்பா யாரு? நான் பேசிக்கறேன் அந்த ஆள்கிட்ட!"

"நான் இப்ப அவர்கிட்டதான் சார் பேசிக்கிட்டிருக்கேன்" என்றார் டீச்சர்.