ஐந்தாவது கல்

நான்கு கற்களை எடுத்தாகிவிட்டது. ஐந்தாவதற்குச் சிறுமி கை நீட்டினாள்.

வழிகாட்டிப் பெண் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தாள். வனத்துறை கொடுத்த பச்சை டீ சர்ட். கழுத்தில் வழிகாட்டி அட்டை.

தொடாதே என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

கயிற்றைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிரே கல் வீடு. பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பாறையைப் போட்டு மூடியது. இடுப்பு உயரம்கூட இருக்காது. உள்ளே முழுக்க ஆற்றுக் கற்கள். மலையில் யார் இறந்தாலும் அவருக்கென்று ஆற்றிலிருந்து ஒரு கல் வரும். பெரியவர்களின் கற்கள் உள்ளே. குழந்தைகளின் கற்கள் வாசலோரம்.

சற்று முன்புதான் ஜீப்பில் வந்தவர்களுக்கு இதைச் சொல்லி முடித்திருந்தாள்.

சிறுமியின் அப்பா சிரித்தார்.

"ஏம்மா, இந்தக் கல்லைக் காட்டவா எங்களை இவ்வளவு தூரம் நடக்க வெச்சீங்க? எங்க ஊர் ஆத்துல அள்ள ஆளில்லாமக் கெடக்குதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

அப்போது மலை அணில் ஒன்று கிளை தாவியது. போனைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேரும் அந்தப் பக்கம் ஓடினார்கள்.

சிறுமி மட்டும் கயிற்றுக்கு அடியில் நுழைந்துவிட்டாள்.

ஐந்தாவது கல் சாம்பல் நிறம். வெள்ளைக் கோடு ஒன்று அதைச் சுற்றி ஓடும்.

அதை ஆற்றில் தேடி எடுத்தது இந்த வழிகாட்டிதான். அன்று எந்தக் கல்லைப் பார்த்தாலும் மனசு ஒப்பவில்லை. ஒன்று கரடாக இருந்தது. ஒன்று கனமாக இருந்தது. இத்தனை கனம் என் பிள்ளை தாங்காது என்று திரும்பவும் தண்ணீரில் போட்டாள்.

காய்ச்சல்தான். ஜீப் மேலே வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

கல்லைக் கொண்டுபோய் வைத்தது அவளுடைய அண்ணன் நஞ்சன். தாய்மாமன்தான் வைக்க வேண்டும். வைத்த பிறகு பெற்றவள் கை அதில் படவே கூடாது. பட்டால் பிள்ளை திரும்பிப் பார்க்கும். பாதி வழியில் நின்றுவிடும். அப்புறம் அது அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை.

மறு வருஷம் ஊரையே அடிவாரத்துக்கு இறக்கினார்கள். காட்டைப் புலிக்கு விட வேண்டுமாம்.

கல் வீடு மேலேயே இருந்துவிட்டது.

திருவிழாவுக்கு மட்டும் ஊர்க்காரர்கள் வந்து போகலாம். மற்ற நாளில் வர வேண்டுமென்றால் வழிகாட்டியாக இருக்க வேண்டும்.

ஆனாள்.

இப்போது தினமும் பார்க்கிறாள். கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து.

சிறுமி கற்களைத் தரையில் உருட்டினாள். அஞ்சாங்கல்.

வெள்ளைக் கோட்டுக் கல்லை மேலே வீசினாள். கீழே கிடந்ததில் ஒன்றை அள்ளினாள். விழுந்த கல்லைப் பிடித்தாள். மறுபடியும் வீசினாள்.

ஒவ்வொரு முறை கல் மேலே போகும்போதும் பெற்றவளின் கண்களும் கூடவே போய் வந்தன.

ஒருமுறை தவறியது. கல் மண்ணில் விழுந்து உருண்டது.

அவள் எப்போது கயிற்றைத் தாண்டினாள், எப்போது மண்டியிட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஐயோ, நான் அவுட்டு!" சிறுமி சிரித்தாள். முன்பல் இரண்டைக் காணோம்.

அவள் மகளுக்கு ஒரு பல்கூட விழுந்திருக்கவில்லை.

சிறுமி கல்லை எடுத்து, மண்ணைத் தன் பாவாடையில் துடைத்தாள். உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"அக்கா, உங்க சான்ஸ்."

"ஏ பாப்பா! வை கீழே!"

நஞ்சன். காக்கிச் சட்டையும் கையில் தடியுமாக ஓடி வந்தான். அவன் இந்தக் காட்டில் வாட்சர்.

கயிற்றருகே வந்ததும் தங்கையின் முகத்தைப் பார்த்தான்.

நின்றான்.

பிறகு திரும்பிப் போனான். மரத்தடியில் அவன் குரல் கேட்டது.

"சார், அணில் இந்தப் பக்கம் வந்துருச்சுங்க. சத்தம் போடாம என் பின்னாடியே வாங்க."

அவன் கூட்டிப்போன பக்கம் அணில் இல்லை.

சிறுமியின் கை இன்னும் நீண்டபடியே இருந்தது.

"உங்களுக்கு ஆடத் தெரியாதா?"

"தெரியும் கண்ணு."

"அப்ப வாங்கிக்கங்க."

அவள் கை எழுந்தது. கல்லுக்கும் அதற்கும் ஒரு விரல் தூரம். அந்த வெள்ளைக் கோட்டில் ஒட்டியிருந்த மண் துகள்கூடத் தெரிந்தது.

அவள் கல்லை எடுக்கவில்லை.

சிறுமியின் விரல்களைப் பிடித்து மெல்ல மடக்கினாள். கல் உள்ளே மறைந்தது. மூடிய அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

வெதுவெதுப்பாக இருந்தது. வெளியே சின்ன விரல்கள். உள்ளே கல்.

காற்று நின்றுபோயிருந்தது.

"அக்கா, வலிக்குது."

பிடியைத் தளர்த்தினாள். விடவில்லை.

கீழே ஜீப் ஹாரன் அடித்தது.

"தன்ஷிகா! எங்கடி போனே? வா, கிளம்பலாம்!"

"அப்பா கூப்பிடறாங்க அக்கா."

"இன்னும் கொஞ்ச நேரம் இரு, கண்ணு."

மூடிய கையைப் பார்த்துத்தான் சொன்னாள்.