வெறும் தொட்டி

வெள்ளைப்புள்ளி நோய் கண்டு மற்றதெல்லாம் செத்துப்போக, ஆறுமுகநயினார் வீட்டுக் கடல்நீர் மீன்தொட்டியில் ஒரு மீன்தான் மிஞ்சியது. அதைத் தம்பி சங்கரலிங்கம் தன் வீட்டு வாளியில் மருந்து விட்டுப் பிழைக்க வைத்தான். இரைக்காக அவன் விரலை அது முத்தமிடுவதைப் பார்க்க உறவெல்லாம் அங்கே போனது.

சம்பந்தி வீட்டார் வரும் நாளில் தொட்டி வெறுமையாய் நிற்கக் கூடாதென்று அண்ணன் மீனைக் கேட்டார்.

"தொட்டியில இன்னும் கிருமி இருக்குண்ணே. விட்டா செத்துரும்."

"என் வீட்டு மீனாச் சாகட்டும். உன் வாளியில வாழ வேண்டாம்."

தம்பி மீனைத் தண்ணீரோடு பையில் பிடித்துக் கொடுத்தான்.

வீட்டில் தொட்டியருகே அண்ணன் பையை அவிழ்த்து உள்ளே விரலை விட்டார். தம்பியின் விரலென்று நினைத்து மீன் ஆசையாகக் கொத்தியது. அவர் விரலை எடுக்கவுமில்லை, பையைக் கவிழ்க்கவுமில்லை. வாசலில் கார் வந்து நின்றது.