மெஷினுக்கு எதுக்கு அலங்காரம்?

"இது கடையா, கல்யாண மண்டபமா?"

போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய அப்துல் வஹாப், கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்காமல் கத்தினார்.

ஹட் பே தீவில், கப்பல் வந்து நிற்கிற ஜெட்டி ரோட்டில் அவருடைய கடை. கப்பல் டிக்கெட், ஆன்லைன் விண்ணப்பம், ஜெராக்ஸ். பத்து நாள் அவர் ஊரில் இல்லை. அதற்குள், விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற மரகதம் உட்காரும் கம்ப்யூட்டரை என்னென்னவோ செய்து வைத்திருந்தார்கள். பெட்டியின் ஒரு பக்கத் தகரத்தை அறுத்து எடுத்துவிட்டு, படகுக்குப் போடுகிற பிளாஸ்டிக் கண்ணாடியைப் பதித்திருந்தார்கள். மீதித் தகரத்துக்கு, மீன் பிடிக்கிற டுங்கிப் படகுக்கு அடிக்கிற பச்சைப் பெயிண்ட். போதாததற்கு உள்ளே நீலமாக ஒரு லைட் வேறு ஜெகஜ்ஜோதியாக எரிந்தது.

"யாரு பார்த்த வேலை இது?"

"நான்தான் மச்சான்" என்றான் அன்வர். வஹாபின் மனைவிக்குத் தம்பி. கடையின் மெக்கானிக்கும் அவன்தான். "மெஷின் ரொம்பச் சூடாவுது. பின்னால பெரிய ஃபேனா மாட்டியிருக்கேன். கடல் பக்கம் ஓட்டை போட்டா உப்புக் காத்து பூந்து போர்டைத் தின்னுரும். அதான் சுவத்துப் பக்கமா வச்சு, கொசுவலைத் துணி கட்டி..."

"ஃபேன் சரிப்பா. லைட்டு எதுக்கு?"

அன்வர் தலையைச் சொறிந்தான். "சும்மா, பார்க்க அழகா இருக்கட்டும்னு."

"அழகா? மெஷினுக்கு எதுக்குடா அலங்காரம்?"

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்ததற்குக் காரணம் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே சீட்டில் இருந்த பழைய மெஷின் கருகிப் போனது. ஃபேன் மூன்று நாளாகக் கடகடவென்று அடித்துக்கொண்டு, கடைசியில் நின்றே போய், சூட்டில் உள்ளே எல்லாம் வெந்துவிட்டது. அதில் இருந்த பதினேழு பிள்ளைகளின் காலேஜ் விண்ணப்பமும் போச்சு. எல்லாம் மெயின்லேண்டுக்குப் படிக்கப் போக வேண்டிய பிள்ளைகள். மறுபடியும் போட்டு முடிப்பதற்குள் மூன்று பேருக்குக் கடைசித் தேதி தாண்டிவிட்டது.

"அவ்வளவு சத்தம் போட்டுச்சே, காதுல விழலையாம்மா உனக்கு?" என்று அன்றைக்கு வஹாப் கேட்டார்.

மரகதம் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அழுத்தம்தான் அவருக்கு இன்னமும் ஆறவில்லை.

"இன்னொரு மெஷின் போச்சுன்னா நீ வீட்டோட இருந்துக்க" என்று சொல்லிவிட்டார். அவள் சம்பாத்தியத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பெரிகிறது. அது தெரிந்துதான் சொன்னார்.

இப்போது மட்டும் என்ன? முதலாளி வந்து இத்தனை கத்து கத்துகிறார், திரும்பிப் பார்த்தாளா அந்த மகராசி? எதிரே நின்ற பெங்காலிக்காரரிடம் துண்டுச் சீட்டை நீட்டி, "நாம் லிக்கே தோ, தாதா" என்றாள்.

யார் வந்தாலும், பெயரை எழுதிக் கொடுங்கள் என்று இதே சீட்டுதான். பெங்காலி, தெலுங்கு, நிக்கோபாரி என்று இந்தத் தீவில் எத்தனை வகைப் பெயர்! ஒரு எழுத்து மாறக் கூடாதென்று எழுதி வாங்குகிறாள் பார், என்ன பொறுப்பு என்று கடையில் எல்லோரும் மெச்சிக்கொள்வார்கள். வஹாபே மெச்சியிருக்கிறார்.

"முதல்ல அந்த லைட்டைப் பிடுங்கு."

அன்வர் அசையவில்லை. "வேணாம் மச்சான். அல்லாவுக்காகக் கேக்குறேன், அது இருந்துட்டுப் போகட்டும்."

ஒரு லைட்டுக்கு அல்லாவைக் கூப்பிடுகிறானே! வஹாப் தானே மேசைக்குப் பின்னால் போனார். பெட்டிக்குள் கையை விட்டு, லைட்டுக்குப் போகும் ஒயரைப் பிடுங்கினார்.

நீலம் அணைந்தது.

மரகதம் துள்ளி எழுந்தாள்.

"ஐயோ! அன்வர் பாய், ஓடி வாங்க! ஃபேன் நின்னுடுச்சு! ஃபேன் நின்னுடுச்சு!"

போட்டுக்கொண்டிருந்த விண்ணப்பத்தை அவசரமாக சேவ் பண்ணினாள். அணைக்க சுவிட்சைத் தடவினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

ஃபேன் நிற்கவில்லை. புது ஃபேன், பெரிய ஃபேன், உர்ரென்று ஓடிக்கொண்டுதான் இருந்தது. வாசலில் ஜெராக்ஸுக்கு நின்றவர்களுக்கே கேட்டது.

வஹாப் ஒயரைக் கையில் பிடித்தபடி அவள் முகத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எத்தனை நாளா?" என்று அன்வரிடம் கேட்டார்.

"காது கேக்குறது ஒரு வருஷமா கொறஞ்சுக்கிட்டே வந்து, இப்ப சுத்தமா கேக்கலை மச்சான். நம்ம வாய் அசையிறதை வச்சுதான் சமாளிக்கிறாங்க. உங்களுக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்னு என்கிட்ட அழுதாங்க. ஃபேன் ஓடுற வரைக்கும் லைட்டு எரியும், நின்னா அணைஞ்சிரும். அதுக்காகத்தான் மாட்டினேன்."

வஹாப் ஒயரைத் திரும்பச் சொருகினார். இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவைதான் சொருக முடிந்தது. நீலம் வந்தது. மரகதம் மூச்சு விட்டாள். அப்புறம்தான் பக்கத்தில் நின்ற முதலாளியைப் பார்த்தாள்.

"பாய்... நான் வந்து..."

"அன்வர், இது மங்கலா இருக்கு. இன்னும் பெருசா ஒண்ணு மாட்டு" என்றார் வஹாப்.

பிறகு அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேசையில் கிடந்த துண்டுச் சீட்டில் ஒன்றை எடுத்து, நின்றபடியே எழுதி, அவள் கையில் கொடுத்தார்.

'பழைய ஃபேன் மூணு நாளா போட்ட சத்தம் எனக்கும்தான் கேட்டுச்சும்மா. நீயா எப்ப எழுந்து வந்து சொல்றேன்னு பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தேன்.'