உண்மைக் கட்டம்

"மிஸ், உங்களத் தேடிக்கினு ஒரு போலீஸ்கார அம்மா வந்துகீறாங்கோ," என்றார் பியூன் நடேசன். ஆசிரியர் அறையில் அப்போதுதான் இட்லி டப்பாவைத் திறந்த ஹெலினா மிஸ், அதை அப்படியே மூடிவிட்டார்.

காக்கிக் கோட்டு, காலில் கறுப்பு பூட்ஸ் என்று நடேசன் அடையாளம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாடிப்படியில் டக் டக்கென்று சத்தம் ஏறி வந்தது. திங்கட்கிழமை ஏழாம் வகுப்பில் எழில் என்ற பெண் தேம்பித் தேம்பி அழுதது ஹெலினாவுக்கு நினைவுக்கு வந்தது. அதன் பிறகு அவள் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை.

வந்தவர் ஒல்லியான பெண்மணி. கோட்டுக்குள் சுடிதார், கண்ணில் தூக்கமில்லாத களைப்பு.

"நான் எழிலோட அம்மா மிஸ், ரேவதி. ஃபேக்டரியில ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுட்டு வர்றேன்."

போலீஸ் இல்லை என்றதும் நடேசனுக்குச் சுவாரசியம் போய்விட்டது. ஹெலினாவுக்குப் போன உயிர் திரும்பியது. வகுப்பில் பாதிப் பேர் ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பிள்ளைகள்தான். ராணுவ டாங்கி செய்கிற அந்தத் தொழிற்சாலையில் இந்த அம்மா ஃபைல் சுமக்கிற வேலையில் இருப்பார் என்று ஹெலினா தானாகவே முடிவு செய்துகொண்டார்.

ரேவதி சுற்றி வளைக்கவில்லை. இரண்டு நாளாக வயிற்று வலி என்று படுத்திருந்தவளை நேற்று அதட்டிக் கேட்டதில், மிஸ் தன்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார், இனிமேல் அந்த ஸ்கூலில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். என்ன பொய் என்றால் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாளாம்.

"பொய் சொல்லியிருந்தா நானே நாலு வைப்பேன் மிஸ். ஆனா சொல்லலன்னு சத்தியம் பண்றா. அவ அப்படியெல்லாம் பண்றவ இல்ல. என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

ஹெலினா நாற்காலியை இழுத்துப் போட்டார். பொய்க்காரி என்ற வார்த்தையே தன் வாயில் வரவில்லை என்றார். இங்கிலீஷில் எழுத்துக்கு அழகு சேர்க்கிற உத்திகளை இந்த மாதம்தான் ஆரம்பித்திருப்பதாகச் சொன்னார். ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டால் சிமிலி, அதுவே இது என்று அடித்துச் சொன்னால் மெட்டஃபர், நடக்கவே முடியாத அளவுக்கு ஏற்றிச் சொன்னால் ஹைப்பர்போலி.

"இப்ப நீங்களே, 'ஆயிரம் தடவை சொல்லிட்டேன், கேக்கறியா'ன்னு பொண்ணத் திட்டுவீங்கல்ல? அது ஹைப்பர்போலி."

"தினமும் திட்றேன்," என்றார் ரேவதி. "அப்ப அது பொய்யா மிஸ்?"

"சேச்சே. அது பேச்சுக்கு அழகு."

"நான் சொன்னா அழகு, எம் பொண்ணு எழுதினா பொய்யா?"

நடேசன் வாசலிலேயே நின்றுவிட்டார். ஹெலினா அலமாரியிலிருந்து டெஸ்ட் பேப்பர் கட்டை எடுத்து எழிலின் தாளைத் தேடினார்.

தாளில் இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் ஒரு ஹைப்பர்போலி எழுத வேண்டும். என் புத்தகப் பை மலையைவிடக் கனம் என்று எழில் எழுதியிருந்தாள், பக்கத்தில் பெரிய டிக். இரண்டாவது கட்டத்தில், வீட்டில் இருப்பவர்களைப் பற்றி எந்த அலங்காரமும் இல்லாத ஓர் உண்மை. அதன் மேல் சிவப்புப் பேனா குறுக்கே ஓடியிருந்தது. 'நம்புகிற மாதிரி எழுது' என்று ஓரத்தில் ஒரு குறிப்பு வேறு.

"இதே வாக்கியத்த மேல் கட்டத்துல எழுதியிருந்தா முழு மார்க் போட்டிருப்பேன். உண்மைக் கட்டத்துல கொண்டுபோய் எழுதிட்டா."

"அப்படி என்னதான் எழுதினா?"

இங்கிலீஷை ஹெலினா தமிழில் வாசித்தார். "எங்கம்மா ஒரே விரலால நாப்பது டன் தூக்குவாங்க."

உதாரணத்துக்காக அதை வகுப்பில் சத்தமாகப் படித்தது தன் தவறுதான் என்று ஹெலினா ஒப்புக்கொண்டார். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் 'பயில்வான் பொண்ணு' என்று குரல் கொடுக்க, நாற்பது பேரும் சிரித்துவிட்டார்கள். எழுந்து ஏதோ சொல்ல வந்த எழிலை, நேரமாகிறது, உட்கார் என்று அவர்தான் அடக்கினார். சிரிப்பு அம்மாவின் மேல் விழுந்ததால்தான் வீட்டில் அவள் வாயைத் திறக்கவில்லை போலிருக்கிறது.

ரேவதி தாளைக் கையில் வாங்கிக்கொண்டார். மகளின் கையெழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். கோட்டின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 40 என்ற எண்ணின் மேல் விரலை வைத்தார்.

"நீங்க சொன்னது சரிதான் மிஸ். இதுல தப்பு இருக்குது."

ஹெலினாவுக்கு அப்பாடா என்றிருந்தது. "அதான் நானும் சொன்னேன். அம்மா மேல பாசம், கொஞ்சம் கூட்டி எழுதிட்டா. நாளைக்கு அனுப்பி வைங்க, நான் பேசிக்கறேன்."

"கூட்டி இல்ல, குறைச்சு எழுதிட்டா," என்றார் ரேவதி. "டாங்கி நாப்பத்தாறு டன், கிரேன் பட்டன ஒரு விரலால அமுக்கித் தூக்குற எனக்குத் தெரியாதா மிஸ்?"