பக்கத்துக் குடை

ஷாங்காய் மக்கள் பூங்காவில் ஞாயிறுதோறும் பெற்றோர் குடைகளை விரித்து, கல்யாணமாகாத பிள்ளைகளின் விவரத்தை அதில் ஒட்டிவைத்துக் காத்திருப்பார்கள். கணவரை இழந்த ஓய்வுபெற்ற ஆசிரியை யுன்ஷியாவின் குடையில் மகளின் தாள் இருந்தது. நான்கு மாதமாகப் பக்கத்துக் குடை, தொழிற்சாலையில் மாஸ்டராக இருந்த டிங் என்பவருடையது; அதில் அவர் மகனின் தாள். அவரும் மனைவியை இழந்தவர்.

"உங்க பையன் நூத்தி அறுபத்தஞ்சு சென்டிமீட்டர்தானே, மாஸ்டர்? குள்ளம்."

"அப்படிச் சொன்னா மனசு நோகுது, டீச்சர்."

"லிஃப்ட் இல்லாத அஞ்சாவது மாடி வேற. தினமும் யார் ஏறுறது?"

"மீன் நல்லா சமைப்பான்."

"அதையுந்தான் பதினாறு வாரமா படிக்கிறேனே!"

வாரம் ஒரு குறை கண்டுபிடித்து, பேச்சை அடுத்த ஞாயிறுவரை இழுத்துக்கொண்டிருந்தாள் யுன்ஷியா.

எதிர்க் குடைக்காரி பொறுமை இழந்தாள். "எத்தனை நாள் இப்படியே பேசுவீங்க? அடுத்த வாரம் பொண்ணையும் பையனையும் கூட்டிட்டு வந்து முடிச்சிடுங்க!"

யுன்ஷியா மகளின் தாளைப் பார்த்தாள். இனி மறைக்க முடியாது. இன்றோடு இந்தப் பேச்சும் போயிற்று.

"மன்னிச்சிருங்க, மாஸ்டர்," என்றாள் மெதுவாக. "என் பொண்ணுக்குக் கல்யாணமாகி ரெண்டு மாசமாச்சு. உங்ககூடப் பேசப் பிடிச்சிருந்துது. அதான் வந்துட்டிருந்தேன்."

டிங் தன் தாளைக் கழற்றி, நான்காக மடித்துப் பையில் வைத்தார்.

"பரவாயில்ல, டீச்சர். எனக்குப் பையனே கிடையாது."

"அப்ப இந்த உயரம், வீடு, மீன்?"

"எல்லாம் என்னோடதுதான். வயசை மட்டும் பாதியாக்கிட்டேன்."

யுன்ஷியா அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு குடையை மடக்கினாள்.

"அஞ்சு மாடி நான் மெதுவாத்தான் ஏறுவேன்," என்றாள்.